ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு மாவட்டம்

சித்திரை பிறந்ததும் மாலைச் செய்தியில் திருத்தணியின் பெயர் வந்துவிடும். வேலூர், கரூர், திருத்தணி என்று வெயில் சதமடித்த ஊர்களை வரிசையாக வாசிப்பார்கள். திருவள்ளூர் மாவட்டத்தைப் பற்றித் தமிழ்நாட்டின் மற்ற பகுதிகளுக்குத் தெரிந்தது இந்த வெயிலும், திருப்பதிக்குப் போகும் சாலையும்தான். கொல்கத்தா நெடுஞ்சாலையில் விரைகிறவர்களுக்குக் கும்மிடிப்பூண்டி என்றால் சிப்காட்டின் புகைபோக்கிகள், நிற்கும் லாரிகள், அப்புறம் எளாவூர் சோதனைச்சாவடி. அங்கே இறங்கி ஒரு பகலைக் கழிக்கலாம் என்று யாரும் நினைப்பதில்லை.

ஆனால் அங்கேயே வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். உருக்காலையில் ஷிப்டு பார்ப்பவர், தேர்வாய் கண்டிகை டயர் ஆலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிறவர், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஓர் அறையில் ஐந்தாறு பேராகத் தங்கியிருப்பவர்கள், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக முகாம் வீடுகளில் வாழும் ஈழத்தமிழ்க் குடும்பங்கள். வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருக்கக் கிடைப்பது வாரத்தில் ஒரு பகல். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக நான்கு நாள் லீவும் கையில் காசும் வேண்டும். காலையில் கிளம்பி, இருட்டுவதற்குள் திரும்பி, மறுநாள் ஆறு மணி ஷிப்டுக்குப் போக முடிகிற பயணம்தான் இவர்களுக்கு ஆகும். அப்படிப்பட்ட பயணங்களுக்கு இந்த மாவட்டத்தைவிட வளமான இடம் வட தமிழகத்தில் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். அந்த வளத்துக்குத் தகுந்த ஏற்பாடுகள் இங்கே இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்த ஒரு நாளும் தானாக வந்ததல்ல. பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர்களுக்கு ஞாயிறு விடுமுறை கேட்டு நாராயண் மேகாஜி லோகண்டே பல ஆண்டுகள் போராடினார். 1890-இல்தான் ஆலை முதலாளிகள் இணங்கினார்கள். வாரம் ஒரு நாள் ஓய்வு தர வேண்டும் என்ற 1921-ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கையை இந்தியா 1923-இல் ஏற்றது. 1948-இன் தொழிற்சாலைகள் சட்டம் அதை உறுதிசெய்தது. ஞாயிறன்று வேலைக்கு அழைத்தால் அதற்கு முன்னோ பின்னோ மூன்று நாளுக்குள் மாற்று விடுமுறை தந்தாக வேண்டும் என்றது அந்தச் சட்டம். இவ்வளவு பாடுபட்டுக் கிடைத்த நாளைத் துணி துவைத்து, ரேஷன் வாங்கி, தூங்கியே முடிப்பது எளிது. ஒரு ஞாயிறாவது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

கிளம்பும் முன் மாவட்டத்தின் அமைப்பைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். ரயில் பாதைகள் இரண்டு. ஒன்று மேற்கே ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர், திருவாலங்காடு, அரக்கோணம் தொட்டுத் திருத்தணிக்குப் போகிறது. மற்றொன்று வடக்கே மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திரத்துக்குள் நுழைகிறது. இரண்டும் பிரிவது சென்னைக்குள், பேசின் பிரிட்ஜில். அதனால் கும்மிடிப்பூண்டிக்காரர் தன் மாவட்டத் தலைநகருக்கே ரயிலில் போக வேண்டுமென்றால் சென்னைக்கு இறங்கி வண்டி மாறி ஏற வேண்டும். சாலை வழியாகப் பெரியபாளையம் தொட்டுப் போகலாம்; அதற்கு இரண்டு பஸ் மாற நேரிடும். வடக்குக் கிளையில் இருப்பவர் வடக்குக் கிளையிலும், மேற்கில் இருப்பவர் மேற்கிலும் பயணத்தை வைத்துக்கொள்வது நல்லது. ஒரே நாளில் பழவேற்காட்டையும் பூண்டியையும் பார்க்க ஆசைப்பட்டால் பஸ் ஜன்னலைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

பழவேற்காடு

வடக்குக் கிளையில் முதல் இடம் பழவேற்காட்டுக்குத்தான். பொன்னேரியில் ரயிலிறங்கி, பஸ்ஸிலோ ஷேர் ஆட்டோவிலோ இருபது கிலோமீட்டருக்குள்தான். காலை ஏழு மணிக்கெல்லாம் அங்கே இருக்க வேண்டும். பதினொரு மணிக்குமேல் ஏரிக்கரையில் நிழல் கிடையாது. நீர்ப்பரப்பிலிருந்து எழும் வெளிச்சம் கண்ணைக் கூச வைக்கும்.

சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்க, தெற்கு முனையும் கடலோடு சேரும் முகத்துவாரமும் நம் பக்கம் இருக்கின்றன. ஆரணி ஆறும் காளங்கி ஆறும் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. கடல் தன் பங்குக்கு உப்பைத் தருகிறது. சராசரி ஆழம் ஒரு மீட்டர்தான். பூநாரைகள் இங்கே வருவதற்கு அந்த ஆழமின்மைதான் காரணம். நீண்ட கால்களால் சேற்றைக் கிளறி, அலகைத் தலைகீழாக நீருக்குள் விட்டு, சிறு உயிரிகளையும் பாசியையும் வடிகட்டித் தின்னும் பறவை அது. அந்த இரையில் உள்ள நிறமிதான் இறகில் ரோஜா நிறமாக ஏறுகிறது. குஞ்சு சாம்பல் நிறமாகவே இருக்கும். கார்த்திகையிலிருந்து மாசி வரை இவற்றைப் பார்க்கலாம். ஊருக்குள் நின்று தேடுவதைவிட அண்ணாமலைச்சேரிப் பக்கம் போனால் கூட்டமாகப் பார்க்க வாய்ப்பு அதிகம். கூழைக்கடாவும் நாரைகளும் ஆண்டின் பல மாதங்களில் கண்ணில் படும். ஒரு பைனாகுலரை யாரிடமாவது கடன் வாங்கிக்கொண்டு போங்கள். வெறும் கண்ணுக்குத் தொலைவில் வெள்ளைக் கோடாகத் தெரிவது, அதன் வழியே ஆயிரம் கழுத்துகளாகப் பிரியும்.

மீனவர்களின் வேலையையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை வைப்பது என்பதைக் கிராமங்களே முறை போட்டுப் பிரித்துக்கொள்கின்றன. பாடு என்று அதற்குப் பெயர். நல்ல இடம் இன்று ஒருவருக்கு, நாளை மற்றவருக்கு. எழுதிய சட்டம் எதுவும் இல்லாமல் தலைமுறைகளாக நடந்துவரும் பங்கீடு இது. பள்ளிப் பாடத்தில் கூட்டுறவு பற்றிப் படிக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஊருக்குள் இன்னொரு பழவேற்காடு இருக்கிறது. சென்னையில் ஆங்கிலேயர் கோட்டை கட்டத் தொடங்குவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே, 1613-இல், டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டிவிட்டார்கள். 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுதான். இங்கிருந்து போன கட்டம் போட்ட துணிக்கு உலகச் சந்தையில் இந்த ஊரின் பெயரே வழங்கியது. வெடிமருந்தும் இங்கே செய்தார்கள். பஞ்சத்தில் விற்கப்பட்ட மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றி பத்தாவியாவுக்கு அனுப்பியதும் இதே துறையிலிருந்துதான். கோட்டை இருந்த இடத்தில் இன்று மண்மேடும் புதரும் அகழியின் தடமும் மட்டுமே இருக்கின்றன. கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நல்ல நிலையில் நிற்கிறது. வாசலின் இரு பக்கமும் எலும்புக்கூடுச் சிற்பங்கள், உள்ளே டச்சு எழுத்தும் குடும்பச் சின்னங்களும் செதுக்கிய பலகைக் கற்கள். பிள்ளைகள் எலும்புக்கூட்டின் முன்னால்தான் முதலில் நிற்பார்கள். நின்று பார்க்கட்டும், அப்புறம் அந்த அடிமைக் கப்பல்களையும் சொல்லுங்கள். கல்லறை எழுப்பியவர்களுக்குப் பெயர் இருக்கிறது, கப்பலேறியவர்களுக்கு எந்தக் கல்லும் இல்லை.

முஸ்லிம் பெண்கள் பனை ஓலையில் பின்னும் பெட்டிகள் இந்த ஊரின் கைத்தொழில். வாங்கினால் அவர்களிடமே வாங்குங்கள். மதியச் சாப்பாட்டுக்கு இறாலும் நண்டும் இருக்கும். கோடையில் போகிறவர்களுக்கு வழியெல்லாம் நுங்கு.

இனிச் சொல்லப்போவது வருத்தமான செய்தி, சொல்லாமல் இந்த ஊரை எழுதக் கூடாது. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. உறவினர்களாகச் சேர்ந்து வந்த குடும்பங்கள் ஏறிய படகு முகத்துவாரத்துக்கு அருகே கவிழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் அடக்கம். உயிர்காப்பு மிதவைச் சட்டை ஒருவருக்கும் இல்லை. அதன்பிறகு சுற்றுலாப் படகுகளுக்குத் தடை வந்தது.

அந்தத் தடையை அன்று போட்டது சரி. அதோடு நின்றுவிட்டது சரியில்லை. தடை இருக்கும் இடத்தில் ஆசையும் இருக்கும், கையில் படகு வைத்திருப்பவரும் இருப்பார்; ரகசியமாக ஏறும் படகில் மிதவைச் சட்டையை யார் கேட்பார்கள்? முட்டுக்காட்டிலும் பிச்சாவரத்திலும் அரசே படகு விடுகிறது. பழவேற்காட்டில் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு உரிமம் தந்து, ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்து, முகத்துவாரத்தின் பக்கம் போகாமல் ஏரிக்குள் மட்டும் ஓட்டுவதற்கு ஏற்பாடு செய்யலாம். இறால் குறைந்த மாதங்களில் மீனவர் வீட்டுக்கு அது வருமானமாகும். அப்படி ஓர் ஏற்பாடு வரும்வரை நான் சொல்வது ஒன்றுதான்: யார் அழைத்தாலும் படகில் ஏறாதீர்கள். பாலம் தாண்டிக் கடற்கரைக்குப் போகலாம், மணலில் விளையாடலாம். முகத்துவாரத்துப் பக்கம் தண்ணீர் அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் இழுப்பு உண்டு, குளிக்க வேண்டாம்.

அம்மனும் முருகனும்

அரசுச் சுற்றுலாத் துறை பிறப்பதற்கு முன்பே இந்தப் பக்கத்துச் சனங்கள் தங்களுக்கென்று ஒருநாள் பயணங்களை ஏற்படுத்திக்கொண்டார்கள். அதில் பெரியது பெரியபாளையம். ஆடி தொடங்கி வாரக்கணக்கில் நீளும் திருவிழாவுக்கு வடசென்னையும் திருவள்ளூரும் குடும்பம் குடும்பமாகக் கிளம்பும். சனிக்கிழமை இரவே வேனிலும் டிராக்டரிலும் குட்டியானையிலும் வந்திறங்கி, ஆரணி ஆற்றங்கரையில் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிடுவார்கள். விடிந்ததும் பவானி அம்மனுக்குப் பொங்கல். மொட்டை, காதுகுத்து, வேப்பிலை உடுத்திக் கோயிலைச் சுற்றும் வேண்டுதல். பிறகு கிடாவோ கோழியோ வெட்டிச் சமையல். சமையல் வேகும் நேரத்தில் பிள்ளைகளுக்கு ராட்டினம், வளையல் கடை, பொரி. பாட்டி முதல் கைக்குழந்தை வரை எல்லோருக்கும் அந்த நாளில் ஒரு வேலையும் ஒரு மகிழ்ச்சியும் இருக்கும். பணம் போட்டுக் கட்டிய கேளிக்கைப் பூங்காவில் தாத்தாவுக்கு ஒரு நாற்காலியைத் தவிர ஒன்றும் இருப்பதில்லை. இந்த வித்தியாசத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். அத்தனை பேர் கூடும் இடத்தில் பெண்கள் குளித்து உடைமாற்றப் போதுமான அறைகளும் கழிப்பிடங்களும் வேண்டும். அம்மனுக்குச் செய்யும் சேவையாகவே அதை எடுத்துச் செய்யலாம்.

கவரைப்பேட்டைக்குத் தெற்கே, நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் சிறுவாபுரி. அருணகிரிநாதர் பாடிய பாலசுப்பிரமணியர் கோயில், மரகதக் கல்லில் மயில். சொந்த வீடு வேண்டுவோர் ஆறு செவ்வாய்க்கிழமை தொடர்ந்து வந்தால் கைகூடும் என்பது நம்பிக்கை. செவ்வாயன்று கூட்டம் சாலைவரை நிற்கும். கும்மிடிப்பூண்டியின் வாடகை வீடுகளிலிருந்து எத்தனை பேர் அந்த வரிசையில் நிற்கிறார்கள் என்று பார்த்தால், இந்தத் தொழிற்பேட்டை தன் தொழிலாளிக்கு எதைத் தராமல் விட்டிருக்கிறது என்பது புரியும். நிதானமாகத் தரிசிக்க நினைப்பவர்கள் வேறு நாளில் போகலாம்.

பௌர்ணமி வெள்ளிக்கிழமையில் வந்தால் இன்னொரு பயணம் உண்டு. காலையில் மீஞ்சூர் அருகே மேலூர் திருவுடையம்மன், உச்சிப்பொழுதில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், மாலையில் திருமுல்லைவாயில் கொடியிடையம்மன். மூன்றையும் ஒரே நாளில் தரிசித்து முடிக்க வேண்டும் என்பது முறை. இச்சா, ஞான, கிரியா சக்திகள் என்பார்கள். வடக்குக் கிளையில் தொடங்கி மேற்குக் கிளையில் முடியும் பயணம் இது. ரயில்காரர்கள் இணைக்காததை மூன்று அம்மன்களும் இணைத்துவைத்திருக்கிறார்கள்.

பூண்டியில் ஒரு கல்

மேற்குப் பக்கம் வருவோம். திருவள்ளூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் பூண்டி. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே கட்டிய நீர்த்தேக்கத்துக்குச் சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர். சென்னை மேயராக இருந்தபோது இந்த அணைக்காகப் பாடுபட்ட தீரர் சத்தியமூர்த்தி 1943-இல் இறந்துவிட்டார்; அணை திறக்கப்பட்டது 1944-இல். 3,231 மில்லியன் கன அடி கொள்ளும் இந்த ஏரிக்குத்தான் கிருஷ்ணா நீர் வருகிறது. ஆந்திரத்தின் கண்டலேறுவிலிருந்து 177 கிலோமீட்டர் கால்வாய், அதில் தமிழ்நாட்டுக்குள் 25. எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் 1983-இல் செய்த ஒப்பந்தத்தின் பயனாக 1996-இல் தண்ணீர் வந்து சேர்ந்தது. மழைக்காலம் முடிந்த கையோடு போனால் ஏரி நிறைந்து கிடக்கும். மதகுகளைத் திறந்திருக்கும் நாளென்றால் அந்த இரைச்சலே போதும். இங்கும் இறங்கிக் குளிக்கக் கூடாது.

பூண்டியின் உண்மையான அதிசயம் தண்ணீருக்குப் பக்கத்தில் ஒரு சிறு கட்டடத்தில் இருக்கிறது. மாநிலத் தொல்லியல் துறையின் தொல்பழங்கால அகழ்வைப்பகம். 1985-இல் திறந்தது. கண்ணாடிக்குள் இருப்பவை வெறும் கற்கள். விளக்கம் சொல்ல ஆளில்லாவிட்டால் பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் வெளியே ஓடிவிடுவார்கள். ஆகவே வீட்டிலேயே கதையைச் சொல்லிக் கூட்டிவாருங்கள்.

கதை இது. 1863 மே மாதம் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு அதுவே முதல் சான்று. அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்கோடு அவர் வந்து சேர்ந்த இடம் பூண்டிக்கு அருகேயுள்ள அத்திரம்பாக்கம். ஓடைக்கரையில் கைக்கோடரிகள் கிடந்தன. ஆற்றில் உருண்டுவந்த குவார்ட்சைட் கூழாங்கல்லை இரு பக்கமும் செதுக்கி, உள்ளங்கைக்கு அடங்கும்படி கூராக்கிய கருவிகள். நூறாண்டு கடந்து, சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் 1999 முதல் அங்கே அகழ்ந்தார்கள். கருவிகள் புதைந்த காலத்தைக் கற்களில் காஸ்மிக் கதிர்கள் விட்ட தடயத்தைக் கொண்டு கணக்கிட்டார்கள். கிடைத்த விடை: ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள். 2011-இல் அது சயின்ஸ் இதழில் வெளிவந்தது. 2018-இல் நேச்சர் இதழில் இன்னொரு கட்டுரை: கைக்கோடரியை விட்டுவிட்டு, திட்டமிட்டுச் சில்லு பெயர்க்கும் நுட்பமான முறைக்கு இங்கிருந்தவர்கள் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே மாறிவிட்டார்கள். இந்த நுட்பம் இந்தியாவுக்கு மிகப் பிற்பாடு வெளியிலிருந்து வந்தது என்ற எண்ணத்தை அது அசைத்துவிட்டது.

லேத்திலும் ரோலிங் மில்லிலும் இரும்பைக் கடைந்து வடிவம் கொடுக்கும் ஒருவர், தன் மகனுக்கு அந்தக் கைக்கோடரியைக் காட்டி விளக்குவதை நினைத்துப் பார்க்கிறேன். கல்லின் எந்த விளிம்பில் அடித்தால் எந்தப் பக்கம் சில்லு தெறிக்கும் என்ற கணக்கு அவருக்குத்தான் கையோடு புரியும். இந்த மாவட்டத்தின் உற்பத்தித் தொழில் சிப்காட்டோடு தொடங்கவில்லை.

நடக்கத் தெம்புள்ளவர்கள் கூடியம் குகைகளுக்குப் போகலாம். அல்லிக்குழி மலைக் காட்டுக்குள் சில கிலோமீட்டர் நடை. செம்பழுப்புக் கூழாங்கற்கள் பதிந்த பாறை, பெரிய கூரையாக முன்னால் சரிந்து நிற்கும். ஆதிமனிதர் ஒதுங்கிய இடம் அதுதான் என்று பார்த்ததுமே மனம் ஒப்புக்கொள்ளும். மார்கழி, தை மாதங்கள் உகந்தவை. வழித்துணைக்கு ஊர்க்காரர் ஒருவரை அழைத்துக்கொள்ள வேண்டும், தண்ணீர் நிறைய வேண்டும், போகும் முன் வனத்துறையிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும். பாறையில் தேன்கூடுகள் உண்டு. புகை, கூச்சல் கூடவே கூடாது. பங்குனிக்குப் பிறகு சிறு பிள்ளைகளோடு இந்த நடையை முயல வேண்டாம். தரையில் கிடக்கும் கல் எதையும் பையில் போட்டுக்கொள்ளவும் வேண்டாம். கிடக்கும் இடம் தெரிந்தால்தான் அந்தக் கல்லுக்கு வரலாறு.

திருவள்ளூர் ஊருக்குள் வீரராகவப் பெருமாள் கோயில். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. அமாவாசைக்கு முதல் நாள் இரவே வந்து தங்கிக் குளத்தில் நீராடுவார்கள். நோய் கரைய வேண்டி வெல்லத்தைக் குளத்தில் கரைப்பார்கள். சாதாரண ஞாயிறன்று அமைதியாக இருக்கும்.

திருவாலங்காட்டுக்கு ரயிலடியிலிருந்து ஆட்டோ வேண்டும். நடராசரின் ஐந்து சபைகளில் இரத்தின சபை இங்கே. காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்து, ஆடும் பெருமான் திருவடியின் கீழ் அமர்ந்த தலம். 1905-இல் இங்கே கிடைத்த செப்பேடுகள்தாம் முதலாம் இராசேந்திரனின் கங்கை, கடார வெற்றிகளை நமக்கு விரித்துச் சொன்னவை.

அப்புறம் திருத்தணி. 365 படிகள். டிசம்பர் 31 இரவு படிக்கொரு திருப்புகழ் பாடி ஏறுவார்கள். ஆங்கிலப் புத்தாண்டில் துரைகளைப் போய்க் கும்பிடுவதைவிட முருகனைக் கும்பிடுவோம் என்று வள்ளிமலை சுவாமிகள் தொடங்கிவைத்த வழக்கம் என்பார்கள். முத்துசாமி தீட்சிதர் முதல் கீர்த்தனையைப் பாடியது இந்த மலையில். குடியரசுத் தலைவராக இருந்த இராதாகிருஷ்ணன் 1888-இல் பிறந்ததும் இந்த ஊரில். ம.பொ.சி.யும் தோழர்களும் எல்லைப் போராட்டம் நடத்தியிருக்காவிட்டால் திருத்தணி இன்று ஆந்திரத்தில் இருந்திருக்கும். 1960 ஏப்ரல் 1-இல்தான் அது நம்மோடு சேர்ந்தது. படியில் மூச்சு வாங்கும்போது பிள்ளைகளுக்குச் சொல்ல இத்தனை கதைகள் இருக்கின்றன. கோடையில் விடியலிலோ பொழுது சாய்ந்தோ ஏறுங்கள். நண்பகலில் அந்தக் கற்படிகளில் வெறுங்காலோடு ஒரு குழந்தையை நடத்துவது பக்தி ஆகாது.

நிழலும் பேருந்தும்

பிரான்சில் 1936-இல் தொழிலாளர்களுக்குச் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறை கிடைத்தது. லியோ லாக்ராஞ் என்ற துணை அமைச்சர் அதோடு நிற்கவில்லை. ரயில் கட்டணத்தில் 40 சதவீதம் தள்ளுபடி வாங்கித் தந்தார். வாழ்நாளில் கடலைப் பார்க்காத லட்சக்கணக்கானோர் அந்தக் கோடையிலும் அடுத்த கோடையிலும் கடலைப் பார்த்தார்கள். விடுமுறையைக் கையில் கொடுத்துவிட்டுப் போக வழி செய்யாவிட்டால் பயனில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நமக்கு வேண்டியவை அவ்வளவு பெரியவைகூட இல்லை. ஞாயிறுதோறும் கும்மிடிப்பூண்டியில் புறப்பட்டுக் கவரைப்பேட்டை, சிறுவாபுரி, பெரியபாளையம், பூண்டி, திருவள்ளூர் என்று போய் மாலையில் திரும்பும் ஓர் அரசுப் பேருந்து. பழவேற்காட்டு ஏரிக்கரையில் வேம்பும் புங்கனும் வைத்து நிழல். தண்ணீர் வரும் கழிப்பறை. வீட்டுப் பெண்கள் பயணமென்றாலே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பதற்குக் காரணம் கழிப்பறை இல்லாததுதான். இந்த வெயிலில் அது உடம்பைக் கெடுக்கும். கம்பெனிகள் சட்டம் 2013-இன்படி பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சிப்காட் நிறுவனங்கள் நான்கைந்து சேர்ந்தாலே கழிப்பறைகளும் மிதவைச் சட்டைகளும் நிழற்குடைகளும் வந்துவிடும். பயன்பெறுவது அவர்களுடைய தொழிலாளிகளின் குடும்பங்கள்தானே.

நிறுவனங்களிடம் கேட்க இன்னொன்றும் உண்டு: ஏரியைக் கெடுக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் கலந்தது. இறகெல்லாம் கறுத்துப் பறக்க முடியாமல் நின்ற கூழைக்கடாக்களின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். எண்ணூரையும் பழவேற்காட்டையும் பக்கிங்காம் கால்வாய் இணைக்கிறது. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை மீனவர்கள் எதிர்ப்பது ஏரியின் வாயும் கரையும் என்னவாகும் என்ற கவலையால்தான். அந்தக் கவலை நியாயமானது. ஏரி கெட்டால் அவர்களுக்குப் பிழைப்பு போகும், நமக்கு ஞாயிறு போகும்.

எல்லைக்கு அப்பால் ஓர் இடத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. ஸ்ரீஹரிகோட்டா. பழவேற்காடு ஏரியைக் கடலிலிருந்து பிரிக்கும் தீவில்தான் ராக்கெட் ஏவுதளம் இருக்கிறது. ஏவுதலைப் பொதுமக்கள் நேரில் பார்க்க 2019-இல் பார்வையாளர் மாடம் திறந்தார்கள்; ஐயாயிரம் பேர் அமரலாம். இஸ்ரோவின் இணையதளத்தில் முன்பதிவு இலவசம், அடையாள அட்டை கட்டாயம். பதிவு திறந்ததும் இடங்கள் விரைவில் நிரம்பிவிடும். கும்மிடிப்பூண்டியிலிருந்து ரயிலில் சூலூர்ப்பேட்டை, அங்கிருந்து சாலை வழி. இடம் கிடைக்காதவர்கள் பழவேற்காட்டுக் கடற்கரையில் நின்றே பார்க்கலாம். வானம் தெளிவாக இருந்தால் நெருப்பு முதலில் தெரியும், முழக்கம் சற்றுப் பொறுத்து வந்து சேரும். இடைவெளியைப் பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க மூன்று வினாடி ஆகும். எண்ணியதை மூன்றால் வகுத்தால் ஏவுதளம் எவ்வளவு தொலைவு என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். ஏவுதல் தள்ளிப்போவதும் உண்டு. அப்படி ஆனால் வந்த பயணத்தை வீணாக்க வேண்டாம்: சூலூர்ப்பேட்டைக்கு வடக்கே சுமார் இருபது கிலோமீட்டரில் நேலப்பட்டு பறவைகள் சரணாலயம் இருக்கிறது. ஐப்பசியிலிருந்து பங்குனி வரை கூழைக்கடாக்கள் அங்கே மரத்துக்கு மரம் கூடு கட்டியிருக்கும்.